வான்கோழியும் வார்டு கவுன்சிலரும்

புன்னைத்துறையில் வெளியூர்க்காரர் யாராவது பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டிக்கடைக்காரரிடம் பேச்சுக்கு "என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி இருக்கிய?" என்று கேட்டுவிட்டால், அவர் பதில் சொல்வதற்கு முன்னால் தன் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், இன்னொருமுறை பார்த்துக்கொண்டுதான் அதற்கும் பதில் சொல்வார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், முதலில் நாங்களும் அப்படித்தான் சிரித்தோம்.

முதல் வான்கோழி ஒரு மழைக்காலத்தில், புனித ரீத்தா மேல்நிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில், சமூக அறிவியல் பாடவேளையில் வந்தது. கண்டங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பிலோமி டீச்சர், கண்ணெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்த ஸ்டெனிஷா என்ற பிள்ளையைப் பார்த்து, "ஏட்டி, என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஸ்டெனிஷா எழுந்து நின்று, "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அவள் பாவாடைக்குப் பின்னாலிருந்து ஒரு வான்கோழிக் குஞ்சு நடந்து வந்து, உடம்பை ஒரு உதறு உதறி, பெஞ்சுக்கு அடியில் அவள் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். போர்ஷன் முடியாமல் கிடந்ததால் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

நடக்க முடியாத காரியங்களுக்கெல்லாம் புனித ரீத்தாதான் பாதுகாவலி என்பதால், எங்கள் பள்ளியில் நடக்க முடியாத ஒன்று நடந்துவிட்டால், அது ரீத்தம்மாளின் இலாகா, நமக்கென்ன என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். அந்த வாரம் முடிவதற்குள், ஒண்ணுமில்ல என்று சொன்ன பிள்ளைகளின் பின்னாலெல்லாம் குஞ்சுகள் வந்து சேர்ந்தன. மறுபடி ஒண்ணுமில்ல என்று சொன்னால், வந்த குஞ்சு ஒரு சுற்று பெருத்தது. ஆங்கில வழிப் பிள்ளைகள் தப்பித்துக்கொள்ளலாம் என்று "நத்திங் மிஸ்" என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுக்கு வெள்ளை நிறத்தில் வந்தது, நடை மட்டும் கொஞ்சம் ஸ்டைல். "சும்மாதான் டீச்சர்" என்றவர்களுக்கு வாலில்லாமல் வந்தது. வாயே திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிய ஒரு எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தலை மட்டும் வந்து, மற்றதெல்லாம் மறுநாள் வந்து சேர்ந்தது.

வான்கோழிக்கு ஒரு குணம் உண்டு, சத்தமாக எதைக் கேட்டாலும் கூட்டமாகப் பதில் சொல்லும். காலையில் தலைமையாசிரியை சிஸ்டர் எமரன்சியா மைக்கில் ஜெபம் சொல்ல ஆரம்பித்தால், பிள்ளைகள் ஆமென் சொல்வதற்குள் மைதானம் முழுக்கக் களகளகள என்று முந்திக்கொண்டு பதில் வந்தது. ஆனாலும் மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்? பி.டி. சார் கோழிகளை உயரவாரியாக வரிசையில் நிறுத்தக் கற்றுக்கொண்டார். மினிபஸ் கண்டக்டர் மடியில் வைத்தால் டிக்கெட் இல்லை, நின்றால் அரை டிக்கெட் என்று முடிவு செய்தார். டியூஷன் சென்டர் வாசலில் "வான்கோழிகளுக்குத் தனி இடவசதி உண்டு" என்று பேனர் ஏறியது. சாயங்காலம் கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் தாய்மார்கள் ஒருவர் பிள்ளையின் கோழியை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டு, "எங்க வீட்டுல சின்னதுதான் மதினி, எம்புள்ள எதையும் மனசுல வைக்காது" என்று பெருமை அடித்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கோழி பெருக்கிறதே, யார் கேட்பது?

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஸ்டெனிஷா வீட்டில் ஒரு யோசனை செய்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஒரு வான்கோழியைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு என்ன யோசனை வருமோ அதுதான். குழம்பு பிரமாதம் என்று சாப்பிட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சாப்பிட்ட ஒருவருக்கும் அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரியே இருந்தது. நடுக்கடலில் புயலைப் பார்த்தும் பீடியை அணைக்காத ஸ்டெனிஷாவின் தாய்மாமன், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் பின்னம் கேட்டால் என்ன செய்வது என்று விடிய விடிய அழுதுகொண்டிருந்தார். காலையில் பிள்ளையிடம், "கோழிய அறுத்ததுல வருத்தமா மக்கா?" என்று கேட்டார்கள். கேட்டிருக்கக் கூடாது. "ஒண்ணுமில்ல" என்றாள் அவள். போனதைவிடப் பெரிதாக ஒன்று அடுப்படியிலிருந்து நடந்து வந்தது.

இருந்த கோழிகளிலேயே பெரியது டெல்ஃபினாவுடையது. டெல்ஃபினா பன்னிரண்டாம் வகுப்பு, எங்கள் வார்டு கவுன்சிலர் சந்தியாகு கொரைராவின் ஒரே மகள். அம்மா குவைத்தில் நர்ஸ். வீட்டு வாசலில் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை குழாய்க்கும் சாக்கடைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஆள் நிற்கும். நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா, பள்ளிக்குக் கிளம்புகிற பிள்ளையைப் பார்த்து, "ஏம்மா டெல்ஃபி, முகம் வாடிக் கெடக்கு?" என்று ஆளுக்கொரு தரம் விசாரிப்பார்கள். மரியாதை தெரிந்த பிள்ளை, ஒருத்தரை விடாமல், "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒண்ணுமில்ல மதினி, ஒண்ணுமில்ல மாமா" என்று பதில் சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டுவாள். அப்படியே மரியாதையாலேயே வளர்ந்து, கோழி திருவிழாச் சப்பரம் உயரத்துக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து வளைவுக்குள் அது நுழையவில்லை என்று சிஸ்டர் பக்கத்து மதிலை இடித்து வழி செய்து கொடுத்தார். அன்றிலிருந்து டெல்ஃபினா பேசுவதை விட்டுவிட்டாள். மைதானத்தில் கோழியின் இரண்டு கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைவிட்டு அந்தக் கோழி பத்தடி தள்ளி நிற்காது. செய்முறைத் தேர்வு ஒத்திகையின்போது ஆய்வகத்துச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அவள் தோள் பக்கத்தில் தலையை நீட்டி நின்றது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்து பார்த்த அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனாலும் கையை விரித்துவிட்டார். "பொதுத்தேர்வு ஹாலுக்குள்ள செருப்பையே விடமாட்டோம் சிஸ்டர். இத எப்படி விடறது? கோழி சின்னதாகணும். இல்லன்னா பொண்ணு அடுத்த வருஷம் எழுதட்டும்" என்றார். தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஆயர் இல்லத்திலிருந்து போன் வந்தது. எடுத்தவர் பள்ளி அலுவலகத்து மரியசெல்வம். "பிள்ளைங்க மனசு சரியில்லாம இருக்காங்கன்னு கேள்விப்பட்டோம். உடனே ஒரு கவுன்சிலர ஏற்பாடு பண்ணுங்க. வாரத்துல ரெண்டு நாளாவது பள்ளியில உக்காந்து பிள்ளைங்க பேசறதக் கேக்கணும்" என்றார்கள். மரியசெல்வம் போனை வைத்தார், சைக்கிளை எடுத்தார், நேராகச் சந்தியாகு வீட்டு வாசலில் கொண்டுபோய் ஸ்டாண்டு போட்டார். எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் வேறு யார்?

"ஆயரேவா கூப்பிட்டாவ?" என்று கேட்ட சந்தியாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் மொடமொட வேட்டியில், கட்சியின் இரண்டு வட்டக்காரர்களும் ஒரு சால்வையும் கூட வர, வாசலில் சரவெடி வெடிக்கப் பள்ளிக்குள் நுழைந்தார். வெடிச்சத்தத்துக்கு அத்தனை வான்கோழிகளும் பதில் சொன்ன அந்த நிமிஷத்திலேயே, சிஸ்டர் எமரன்சியாவுக்கு என்ன தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. ஆனால் பள்ளிக்கு முன்னால் ஓடும் சாக்கடை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அது அவருடைய வார்டு. சிஸ்டர் சிரித்த முகமாக ஒரு நாற்காலியைக் காட்டினார். கதவில் "கவுன்சிலர்" என்று போர்டு மாட்டினார்கள். அதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

"ஓட்டு இல்லாத ஜனத்துக்கும் சேவை செய்யணும்னு ஆயர் நெனைக்காவ. செய்வோம்" என்று சொல்லிவிட்டு, சந்தியாகு முதல் ஆளாக ஸ்டெனிஷாவை உள்ளே அழைத்தார். "என்ன பாப்பா, என்ன குறை?"

"ஒண்ணுமில்ல மாமா."

கோழி பெருத்ததில் மேஜை சாய்ந்து டீ கொட்டியது. சந்தியாகு கோழியைக் கவனிக்கவில்லை, அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவருக்கு வேர்த்தது. போன தேர்தலுக்கு முந்தின தேர்தலில் பனிமலர்த் தெரு முழுக்க வாசலில் நின்று, "உங்ககிட்ட எங்களுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நீங்க போயிட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ஒருவர் பாக்கியில்லாமல் மாற்றிக் குத்திவிட்டார்கள். அதிலிருந்து அவர் யாரிடமும் என்ன என்று கேட்டுவிட்டு நிறுத்துவதில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எந்தத் தெரு?"

"அமலித் தெரு."

"எத்தனாவது வீடு?"

"கெணத்துக்கு எதுத்த வீடு."

"தண்ணி வருதா?"

"வருது."

"லைட்டு எரியுதா?"

"எரியுது மாமா. அதுக்குக் கீழ உக்காந்துதான் அம்மாவும் அப்பாவும் சண்ட போடுவாவ."

லைட்டு எரிகிறது என்று எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "என்னைக்கிலருந்து?" என்றார் சந்தியாகு. ஸ்டெனிஷா சொன்னாள். அப்பா போட்டை விற்றதிலிருந்து என்று சொன்னாள், அம்மா பேசாமல் இருக்கிற நாள்தான் சண்டை போடுகிற நாளைவிட மோசம் என்று சொன்னாள், நான் தூங்குவது மாதிரிப் படுத்துக்கொண்டிருப்பேன் என்று சொன்னாள். அவள் சொல்லச் சொல்லக் கோழி இறங்கி, இறங்கி, கடைசியில் மேஜைக்கு அடியில் சிட்டுக்குருவி அளவில் நின்று தும்மியது.

சந்தியாகுவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: புகார் வந்தால் நேரில் போய் ஆய்வு. அன்று சாயங்காலமே ஸ்டெனிஷாவை முன்னால் விட்டு, வட்டக்காரர்கள் பின்னால் வர, அந்த வீட்டுக்குப் போய் அந்த லைட்டுக்குக் கீழேயே உட்கார்ந்தார். "இந்த எடத்தப் பத்திப் புகார் வந்துருக்கு" என்றார்.

"யாரு குடுத்தா?" என்று ஸ்டெனிஷாவின் அப்பா எகிறினார்.

"பாதிக்கப்பட்டவங்க."

அப்பாவும் அம்மாவும் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை உள்ளங்கையிலிருந்த கோழியைப் பார்த்தாள். "சண்டைய நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் கெடையாது. பொதுமக்களுக்கு எடஞ்சலா இருந்தா வேற எடத்துக்கு மாத்தச் சொல்லலாம். பஸ் ஸ்டாண்டு கடையவே மாத்திருக்கேன்" என்றார் சந்தியாகு. அந்த அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்பா எழுந்து போய், வந்தவர்களுக்கு டீ போட்டார். அவர் டீ போட்டதை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் பார்த்தார்களாம்.

அப்புறம் ஊரே நடுங்க ஆரம்பித்தது. எந்தச் சாயங்காலம் எந்த வீட்டுக்கு ஆய்வுக்கு வருவாரோ என்று பயந்து, அப்பாமார் போனைக் கீழே வைத்தார்கள், அம்மாமார் சீரியலை அணைத்தார்கள், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து "எந்தத் தெரு மக்கா?" என்று தாங்களாகவே ஆரம்பித்தார்கள். ஒரே வீட்டுக்குள் இருக்கிற பிள்ளையிடம் எந்தத் தெரு என்று கேட்பது பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அதற்குப் பதில் தெரியாத பிள்ளை கிடையாது. தெருவைச் சொன்ன வாய், வீட்டைச் சொன்னது. வீட்டைச் சொன்ன வாய், மற்றதையும் சொல்லிவிட்டது. கோழிகள் சிறுத்து ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் குடியேறின. ஒன்றுகூட முழுசாகப் போகவில்லை. போகாது என்றார் சிஸ்டர். கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற அளவுக்கு வந்தால் போதும் என்றார்.

டெல்ஃபினாவுடையது மட்டும் அப்படியே நின்றது. கவுன்சிலர் அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதன் ஒரு கால் தெரியும். மகளின் முறை வரும்போதெல்லாம் சந்தியாகு அந்த ஜன்னல் பக்கம் திரும்பாமல், "அடுத்த ஆளக் கூப்பிடுங்க" என்பார். "சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டக் கூடாதுல்லா" என்று மரியசெல்வத்திடம் விளக்கம் வேறு.

தேர்வுக்கு முந்தின வாரம் பெற்றோர் கூட்டம் வந்தது. கோழி நிற்பதற்காக மைதானத்தில்தான் வைத்தார்கள். எல்லோரும் அதன் நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள், வெயில் அப்படி. சிஸ்டர் மைக்கில் கவுன்சிலரைப் பாராட்டிப் பேசி, கைதட்டல் ஓய்ந்ததும் அதே மைக்கில், "எல்லாப் பிள்ளையையும் கேட்டீங்க. டெல்ஃபினாவ எப்பக் கேக்கப் போறீங்க?" என்றார்.

"சொந்தப் பிள்ளைக்கு முன்னுரிமை குடுத்தா எதிர்க்கட்சிக்காரன் பேசுவான் சிஸ்டர்" என்று சந்தியாகு சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, குரல்தான் உடைந்தது.

"கவுன்சிலர், உங்களுக்கு என்ன ஆச்சு?"

அதுவரை எங்கள் ஊரில் பெரியவர்கள் யாருக்கும் கோழி வந்ததில்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. பெரியவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்கென்ன சிஸ்டர்? ஒண்ணுமில்ல."

வேட்டிக்குப் பின்னாலிருந்து குஞ்சாகக்கூட இல்லை, முழுசாக, தொங்கிய மூக்கும் நரைத்த கழுத்துமாக, சிறகோரத்தில் வேட்டிக்கரை மாதிரி ஒரு பச்சைக் கோட்டோடு ஒரு கிழ வான்கோழி மேடையில் வந்து நின்றது. கூட்டத்தில் ஒரு பெண் பயந்துபோய்ப் புருஷனிடம், "ஏங்க, உங்களுக்கு ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டாள். அவர் ஒண்ணுமில்ல என்றார். அவ்வளவுதான். இவர் அவளைக் கேட்க, அவள் மைத்துனியைக் கேட்க, மைத்துனி சம்பந்தியைக் கேட்க, மைதானத்தில் நாற்காலி வைக்க இடமில்லை, ஒரே களகளகள.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் சந்தியாகு மேடையை விட்டு இறங்கி நடந்தார். கிழக் கோழி அவர் பின்னால் நடந்தது. பெரிய கோழியின் கால்களுக்கு நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது.

"எந்தத் தெரு?"

டெல்ஃபினா நிமிர்ந்து பார்த்தாள். மதில் இடித்த நாளிலிருந்து மூடியிருந்த வாய் திறந்தது.

"உங்க தெருதான்ப்பா."

"எத்தனாவது வீடு?"

"வாசல்ல எப்பவும் ஆள் நிக்குமே, அந்த வீடு."

"வீட்டுல யாரெல்லாம் இருக்கா?"

"கவுன்சிலர் இருக்காவ."

"அப்பா?"

"அப்பா இல்ல."

சந்தியாகுவுக்கு மேற்கொண்டு கேட்கத் தைரியம் இல்லை; கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்தான் தன் போக்கில், "தண்ணி வருதா?" என்றது. டெல்ஃபினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "வருது. தலையணை நனையுத அளவுக்கு வருது" என்றாள். பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. தூக்கம் வரவில்லை என்றாள், படித்தது எதுவும் நிற்கவில்லை என்றாள், பரீட்சைக்கு முன்னாலேயே டாக்டரம்மா டாக்டரம்மா என்று வாசலில் கூப்பிடுகிறவர்களைப் பார்த்தால் பின்வாசல் வழியாக ஓடிவிடலாம் போலிருக்கிறது என்றாள். "தோசை சுட்டு வச்சிட்டு உக்காந்திருப்பேன். முன்னறையில நீங்க ஊருல உள்ளவங்க குறையெல்லாம் கேக்குதது எனக்குக் கேக்கும். நானும் ஒரு மனு எழுதிட்டு அந்த வரிசையில வந்து நிக்கலாமான்னு நெனச்சேன்ப்பா."

கோழி அவள் தலைக்கு மேல் சத்தமில்லாமல் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் ஒவ்வொரு வரிசையாக வெயில் விழுந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

சந்தியாகு மண்ணில் உட்கார்ந்து அழுதார். மொடமொட வேட்டி, அதுபற்றி அவர் கவலைப்படவில்லை. டெல்ஃபினா அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எந்தத் தெரு?"

"ஒன் தெருதான் மக்கா" என்றார் அவர். "ஒங்கம்மா குவைத்துக்குப் போனப்புறம், ஆளுவ போயிட்டா வீடு சத்தமில்லாம கெடக்கு. எனக்கு அது பயமா இருக்கு. அதான் யாரையாச்சும் வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கேன்."

டெல்ஃபினா தேர்வு எழுதினாள். ஹாலில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்த்து, "இது என்னம்மா?" என்று கேட்டார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "என் பயம் மிஸ்" என்றாள். "பிட்டு இல்லல்ல?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு மூடிக் கொடுத்துவிட்டார் அவர்.

ஆயர் இல்லத்திலிருந்து நிஜமான கவுன்சிலரும் பிறகு வந்து சேர்ந்தார், மனோதத்துவம் படித்த ஒரு பெண். அதே அறை, அதே போர்டு. பிள்ளைகள் போகாத நேரத்தில் ஊர்க்காரர்கள் சாக்கடை மனுவோடு போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் கோபப்பட்டவர், இப்போது அவரும் பேனாவை எடுத்து "எந்தத் தெரு?" என்றுதான் ஆரம்பிக்கிறாராம். சாக்கடை இன்னும் வழிந்துகொண்டுதான் இருக்கிறது.

சந்தியாகு வீட்டு வாசலில் ஆள் நிற்பதும் நிற்கவில்லை. ஆனால் விளக்கு வைத்த பிறகு யாராவது போய்க் கதவைத் தட்டி, "கவுன்சிலர் இருக்காவளா?" என்று கேட்டால், டெல்ஃபினா தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறாள்.

"கவுன்சிலர் இல்ல. அப்பா சாப்பிடுதாவ."